றஞ்சித் மாமாவுக்கு நீ ஏற்றிய மெழுகுதிரி

குருநகர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் ஜெறோமுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீ சாகடித்த றஞ்சித் மாமாவும் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்க அம்மா மன்றாடுகிறாள்.

மாமாவின் காலில் கெளிற்று மீன் முள் குத்தியதும், ஊசிக்குப் பயந்த மனிதரை அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ஏற்புவலி வராமல் தடுப்பூசி போடுவித்ததும் உனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தானே நீ அவருடைய முகத்தைக் கறுப்புச் சட்டத்துக்குள் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றி, கீழே "தடுப்பூசி போட்டுக்கொண்டார்" என்று எழுதிக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாய். அதன் பின்னால் தனியாக நாலு சிரிப்பு முகம். நாங்களும் சிரித்தோம். உன் அக்கா வசந்தினி படத்தை மட்டும் பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவுக்கு அனுப்பினாள், சிரிப்பு முகங்கள் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. பேப்பரில் மரண அறிவித்தலை முதலில் பார்க்கிற ஊருக்கு அந்தச் சட்டத்தைக் கண்ட பிறகு வாசகம் எதற்கு? லூர்த்தம்மா அழுதுகொண்டு மாமா வீட்டுக்குப் போக, அவர் வாசலில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "வந்தது வந்தியள், அழுதிட்டுப் போங்கோ லூர்த்தக்கா, உண்மையாச் செத்தால் எனக்குக் கேக்காது" என்றாராம். அவ கண்ணைத் துடைத்து, "உயிரோடை இருக்கிறவனுக்கு ஏனடா மெழுகுதிரி" என்று ஏசி, கோப்பியும் குடித்துவிட்டுத்தான் வந்தாவாம். மாமா உனக்குச் சொல்லச் சொன்னது, அந்தப் படத்தை அழிக்கவேண்டாமாம், அதில் தான் வடிவாக இருக்கிறாராம், தேவை வரும்போது பாவிக்கலாமாம்.

நாற்பது வருடம் செய்தி எழுதினவன் என்பதால் உன் படத்தைச் சரிபார்த்தேன். முகம் உண்மை, வாசகமும் உண்மை. ஊசியால் செத்தார் என்று நீ எங்கும் எழுதவில்லை. சட்டமும் வாசகமும் கிட்டக் கிட்ட இருந்து தாங்களாகவே சொல்லிவிட்டன. என் மேசைக்கு வந்திருந்தால் எந்தச் சொல்லை வெட்டுவது என்று எனக்கே தெரிந்திராது.

இனித்தான் விஷயம். வியாழக்கிழமை அக்காவின் மகள் ஷெரோனுக்குச் சின்னமுத்து நோய்க்கான தடுப்பூசி. அக்கா கிளினிக்குக்குப் போகத் தயங்குகிறாள். "பகிடி எண்டு தெரியும் அப்பா, ஆனால் ஊசி எண்டவுடனை பிள்ளையின்ரை முகத்தைச் சுத்தி அந்தக் கறுப்புச் சட்டம்தான் தெரியுது" என்கிறாள். சின்னமுத்து வந்தால் கைக்குழந்தை படும் பாட்டைச் சொன்னேன், மாமாவையும் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினேன், ஒன்றும் சரிவரவில்லை. சொல்லுக்கு மறுப்பு எழுதுவேன், படத்துக்கு மறுப்பு எழுத எனக்குத் தெரியாது. அது உன் வேலை. சட்டையைக் கழற்றி, குழந்தையில் போட்ட ஊசியின் தழும்பு இடது தோளிலே இருக்கிறதே, அதுவும் உன் முகமும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடு. "அக்கா, எனக்கும் போட்டது" என்று படத்துக்குள்ளேயே எழுது, பிரிந்து போகாமல். சட்டமும் மெழுகுதிரியும் வேண்டாம், மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைத் தம்பி ஜெனிஸ் இன்றைக்கே போனில் எடுத்து அனுப்புவான், ஆகையால் புதன்கிழமைக்குள் படம் வரவேண்டும்.

அம்மா அதில் தழும்பைப் பார்க்கமாட்டாள், விலா எலும்பு தெரிகிறதா என்றுதான் பார்ப்பாள். சாப்பிட்டுவிட்டு எடு. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் படத்துக்குக் காத்திருக்கும்
அப்பா
தேவராசா