ஒன்பதாவது தளத்தின் மேப்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் இதற்குள் புலம்பல் வந்திருக்கும். உங்கள் அண்ணன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இதுவரை உங்களிடமிருந்து வந்தது இரண்டு கடிதம். இரண்டிலும் ஒரே விஷயம், 'அண்ணன் வரைந்த மேப்புகளை அனுப்பி வையுங்கள்.' அண்ணி இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று ஒரு வரி கிடையாது. உறையின் மேல் என் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருந்தீர்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். அவருடைய பழைய கம்ப்யூட்டர் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ராம் 64 எம்பி. கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. இன்டர்நெட்டும் கிடையாது. சிடி போடும் தட்டு மட்டும் மூடும்போது சிக்கும், ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் உள்ளே போய்விடும். வாள், மந்திரம், பூதம், பாதாளக் கோட்டை என்று போகிற கேம்களில் இந்த மெஷினுக்கு எது தோதுப்படும்? இருந்ததை முடித்துவிட்டேன். பழைய கேம் கடை வைத்திருக்கிற கொழுந்தன் இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் அண்ணி

*

மார்ச் 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் சத்தமாகச் சிரித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார். 'இருந்ததை முடித்துவிட்டேன்' என்கிறீர்களே, எதை? சீட்டுக்கட்டையா?

இந்தக் கேம்கள் எல்லாம் ரவிக்கைக்கு அளவு எடுக்கிற மாதிரி இல்லை. நானும் அண்ணனும் விளையாடிய 'கரும்பாறைக் கோட்டை'யில் ஆறு பேர் கொண்ட ஒரு படை, பூமிக்கு அடியில் பன்னிரண்டு தளம். கேமுக்குள் மேப் கிடையாது. ஒவ்வொரு அடியையும் எண்ணி, கிராப் தாளில் நாமே வரைய வேண்டும். ஒற்றைப்படைத் தளம் அண்ணன் வரைவான், இரட்டைப்படை நான். வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பிக்கொள்வோம். ஆறு வருடம் இப்படித்தான் போனது.

அவன் மேப்பை நீங்கள் ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? கோடு என்றால் அதுதான் கோடு. ரகசியக் கதவு இருக்கிற சுவரில் ஒரு குட்டி முக்கோணம் போடுவான். அந்த யோசனை எங்கிருந்துதான் வந்ததோ! ஒரு லிப்ட் மெக்கானிக்குக்குள் அப்படியொரு கை. ஒன்பதாவது தளம் அவன் முறை. அதற்குள் போய்விட்டான். நான் பதினோரு மாதமாக அங்கேயே, ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் மெஷினுக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பொருத்தமாக ஒரு சிடி அனுப்பியிருக்கிறேன். குதிரைக்குட்டி வளர்க்கிற கேம். கொள்ளு போட வேண்டும், பிடரியைச் சீவிவிட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. பதிலுக்கு மேப்புகளின் அசலை அனுப்புங்கள். சட்டம் போட்டுக் கடையில் மாட்டப் போகிறேன். உங்களுக்கு அது வெறும் கிறுக்கல்தானே.

உங்கள் கொழுந்தன்

*

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

குதிரைக்குட்டி வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தேன், சாயங்காலம் துணி மடிப்பதற்குள் அது வளர்ந்து பந்தயத்தில் ஜெயித்துவிட்டது. கடையில் இதை யாருக்கு விற்கிறீர்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பாவம்.

நான் கேட்டது வேறு. படையில் ஆறு பேராவது இருக்க வேண்டும். எதிரி யோசித்து முடிக்கும்வரை நான் காத்திருப்பேன், நான் யோசிக்கும்போது அவன் காத்திருக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்து அடித்துக்கொள்கிற வகை இந்த மெஷினில் திக்கித் திக்கித்தான் ஓடும், எனக்கும் பிடிக்காது. முக்கியமாக, கேமுக்குள் மேப் இருக்கக் கூடாது. இப்படி ஒன்று உங்கள் அலமாரியில் இல்லையென்றால், கடையை மூடிவிட்டுக் குதிரை மேய்க்கப் போகலாம்.

மேப்புகள் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

அண்ணனிடம் கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறீர்கள். பரவாயில்லை, காது நன்றாக வேலை செய்கிறது.

நான் மறக்கவில்லை. ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினேன். அண்ணன் விளையாடிக்கொண்டிருந்தான். நீங்கள் பக்கத்து நாற்காலியில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மடியில் அட்டை, கையில் பென்சிலோடு ஏதோ துணி அளவு குறித்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் ஒருதரம் ஸ்கிரீனைப் பார்த்து, "அங்க போகாதீங்க, திரும்புங்க" என்று சொன்னீர்கள். விளையாடுகிறவனை நிம்மதியாக விளையாட விடாத ஜென்மம் என்று அன்றைக்கே நினைத்தேன். அவன் பாவம், வாயே திறக்காமல் திரும்பினான்.

அந்த மேப்புகளுக்கு உங்களைவிட எனக்குத்தான் உரிமை அதிகம். மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் நானே வந்து எடுத்துக்கொள்வேன்.

கொழுந்தன்

*

ஏப்ரல் 14

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்றுதான் ஏழு வருடம் இருந்தேன். நீங்கள் விடவில்லை.

இதோடு இருப்பது ஒன்பதாவது தளத்தின் மேப். தெற்கு நடைபாதையின் கடைசிச் சுவரில் முக்கோணம் போட்டிருக்கிறேன். ஆமாம், நான்தான் போட்டிருக்கிறேன். துணியில் முன்துண்டும் பின்துண்டும் எந்த இடத்தில் சேர வேண்டும் என்று காட்ட, ஓரத்தில் அப்படி ஒரு குட்டி வெட்டு போடுவோம். இருபது வருடமாக ஆடைக் கம்பெனியில் தாளில் அளவு வரைகிறவளுக்கு அது கை தானாகப் போடுகிற குறி. உங்கள் யோசனைக்கு அது எட்டாததில் ஆச்சரியமில்லை.

உங்கள் அண்ணனுக்கு நேர்க்கோடு வராது. நாள் முழுக்கத் தளம் தளமாக ஏறி இறங்குகிற மனுஷன், கேமுக்குள் இறங்கினால் மூன்றாவது திருப்பத்தில் தொலைந்துவிடுவார். "மூணு வடக்கு, ரெண்டு கிழக்கு, அங்க கதவு"ன்னு அவர் சொல்லச் சொல்ல நான் வரைவேன். நீங்கள் பார்த்த அந்தத் துணி அளவு ஐந்தாவது தளம், தம்பி. அன்றைக்கு அவர் திரும்பாமல் போயிருந்தால் ஆறு பேரும் குழியில் விழுந்திருப்பார்கள்.

முதல் மேப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள். நினைவிருக்கிறதா? 'பிரமாதம். இனிமேல் உன்னை மக்கு என்று கூப்பிட மாட்டேன்' என்று. சின்ன வயதிலிருந்து நீங்கள் அவரைக் கூப்பிட்டது அந்தப் பெயரில்தானே, பெண் பார்க்க வந்த இடத்தில் என் எதிரிலேயே கூப்பிட்டீர்கள். அந்தக் கடிதத்தை அன்றைக்கு மூன்று தரம் படித்தார். "உண்மையச் சொல்லி எழுதிடுங்க"ன்னு நான்தான் சொன்னேன். "இருக்கட்டுமே, அவன் என்னைப் பத்தி நல்லதா சொன்னதே இல்லை"ன்னார். நான் அடுத்த தளத்துக்குத் தாளை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களைக் கொடுத்தபோது உங்கள் கடிதம் பர்ஸுக்குள் இருந்தது, மடிப்பெல்லாம் கிழிந்துபோய்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு தளங்களையும் தனியாகவே வரைந்து கேமை முடித்துவிட்டேன். அவை உங்களுக்கு வராது. நீங்களும் கொஞ்சம் முட்டிக்கொள்ளுங்கள். அசல் மேப்புகளும் வராது. எடுக்க வருவதாக இருந்தால் வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும், பீரோ திறக்காது.

அண்ணி

*

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

முக்கோணம் போட்ட சுவரில் போய் முட்டினேன். கதவு திறந்தது. உள்ளே போகவில்லை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அவனை மக்கு என்று கூப்பிட்ட வாய் இது. மக்கு யார் என்று இப்போது தெரிகிறது. உங்களிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறேன்.

பார்சலில் இருப்பது 'சாம்பல் சுரங்கம்'. படையில் எட்டுப் பேர், முறை வைத்துச் சண்டை, கேமுக்குள் மேப் கிடையாது. 32 எம்பியிலேயே ஓடும், உங்களுடையது மாதிரியே ஒரு மெஷினை எடுத்துவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். பதினெட்டுத் தளம். என்னிடமும் ஒன்று வைத்திருக்கிறேன். முதல் தளத்தை நான் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், அசலே, ஜெராக்ஸ் இல்லை. இரண்டாவது தளம் உங்களுடையது, வரைய உங்களுக்கு மனமிருந்தால்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் தம்பி

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன்.

உங்கள் மேப் வந்தது. கேவலம். வடக்குச் சுவர் இரண்டு கட்டம் குட்டை. படிக்கட்டு இருக்கிற இடத்தில் கிணறு போட்டிருக்கிறீர்கள், அதை நம்பி என் ஆட்கள் மூன்று பேர் செத்தார்கள். சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மறுபடி வரையுங்கள். பென்சிலைச் சீவிக்கொண்டு வரையுங்கள். அதற்குப் பிறகு இரண்டாவது தளம் வரும்.

உங்கள் அண்ணனே இதைவிட நன்றாக வரைந்திருப்பார். அவருக்கு வரையவே வராது.

உங்கள் அண்ணி