றிஷானாவின் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம், பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று எங்கள் துறைமுகத்தடி அச்சகத்தில் ஒரு கல்யாணக் கார்ட் அச்சானது. மணமகள் றிஷானாவின் பெயரை ஆங்கிலத்தில், கையால் வளைத்து நெளித்து எழுதியதுபோன்ற எழுத்துருவில் நான்தான் அமைத்தேன். அச்சு ஓடும்போதே அவள் வந்து பார்த்து, "இது கிஷானா எண்டெல்லோ இருக்கு!" என்றாள். முதல் எழுத்தான R-இன் சுழி அதை K போலக் காட்டியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். உடனே இயந்திரத்தை நிறுத்தி, அதே எழுத்துருவில் சுழி குறைந்த எழுத்தைத் தேடிப் போட்டேன். அதே நெளிவெழுத்தில் இருந்த மண்டபத்தின் பெயரையும் திகதியையும் வாசிக்க லேசான சாதாரண எழுத்துக்கு மாற்றினேன்.

"இப்பதான் இது என்ட பேர்" என்று சிரித்தாள். முதலாளியும் ஏசவில்லை.

வெருகலிலிருந்து வரும் பஸ்ஸில் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். பொதியில் என் பெயரை நீங்களே எழுதுங்கள், அப்பா. உங்கள் எழுத்தைப் பார்த்து நாளாகிறது.

முதலாளி கூப்பிடுகிறார்.

மகள்,
டிலக்சனா