திருப்பி அனுப்பும் ஆல்பம்

மகளுக்கு,

நீ அனுப்பிய ஆல்பம் வந்தது. வாயில் சோறு வழியும் பேரன், கட்டிலில் ஈரத்துண்டு, கழுவாத பாத்திரங்கள். வீடா, சந்தைக்கடையா? பார்க்கவே குமட்டுகிறது. இதற்குப் பெயர் இயல்பான வாழ்க்கையாம்!

அதைவிட அருவருப்பு, முழங்காலில் ரத்தம் ஒழுக அவன் சிரிக்கும் படம். போனில் கேட்டால், "கேமராவை எடுத்தாலே சிரிச்சிடுவான்மா, அவ்வளவு சமத்து" என்று பெருமை வேறு. அடிபட்ட பிள்ளை தாயைப் பார்த்தால் அழ வேண்டும். உன் பிள்ளை அழுகையை விழுங்கப் பழகியிருக்கிறான்.

ஆல்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். படம் அச்சிட்ட கடைக்காரர் தவறிச் சேர்த்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெறும் தரையும், கலங்கலாக உன் பாதமும்தான் அதில் தெரிகின்றன. மாடிப்படியில் அவன் தடுக்கியபோது கேமராவைப் போட்டுவிட்டுப் பிடிக்க ஓடினேன் என்றாயே, அப்போது தானாகப் பதிந்த படம்.

உன் அம்மா