ஒலிவாங்கி ஓய்ந்தபின் தொடங்கிய கூட்டம்

மருத்துவமனை மூலைகளில் கணினியோடு தனியே மல்லுக்கு நிற்கும் மாந்தரே! முதியோர் இல்லங்களின் மாடிப்படிக்கடியில் கண் சிவக்க உழைக்கும் உடன்பிறப்புகளே! உங்களுள் ஒருத்தி, தன்னைத் தானே மக்கு என்று தீர்ப்பெழுதிக்கொண்டு, வரும் திங்கட்கிழமை வேலையை விட்டு விலகப்போகிறாளாம். இக்கொடுமையைக் கேட்பார் எவருமில்லையா? நான் கேட்கிறேன். ஏனெனில் அவள் என் மகள்.

"மகளுக்கு எழுதுறியா, மாநாட்டுக்கு எழுதுறியா? நல்லா இருக்கியான்னு முதல்ல கேளு" என்று உன் அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்கிறார். நாங்கள் நலம். நீ நலமாக இல்லை என்பது தெரிந்த பின் கேட்பானேன்? மருந்துப் பட்டியலில் நேர்ந்த பிழையையும், விலகல் கடிதம் எழுதி வைத்திருப்பதையும் அப்பாவிடம் மட்டும் சொன்னாய். அவர் வயிற்றில் எந்த இரகசியமும் அரை நாழிகை தங்காது என்பது உனக்குத் தெரியாததா? பெரியப்பா இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் அடுத்த தெரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும், பந்தயத்தில் வென்றவர் போலச் செவிலியரைக் கைதட்டச் சொல்கிறார். நாள்தோறும் காலையில் நான் சென்று அவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுகிறேன். மெல்லப் படிக்கச் சொல்லிப் பக்கத்து அறைக்காரர் மும்முறை ஆளனுப்பிவிட்டார். மெல்லப் படிப்பதற்கா நாற்பது ஆண்டு மேடையேறினேன்?

அந்த இல்லத்தில் மாடிப்படிக்கடியில் ஓர் அறை உண்டு. முன்பு துடைப்பங்கள் இருந்த இடம். இப்போது துடைப்பங்களோடு ஒரு கணினியும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். செவிலியாக இருந்து கணினிப் பணிக்கு மாறியவள். கடவுச்சொல் மறந்தால் மட்டுமே எல்லாரும் அவளைத் தேடி வருவதால், பெயர் மறைந்து 'பாஸ்வேர்டு அக்கா' ஆகிவிட்டாள். 'இவ்வூரில் உன்னைப் போல் எத்தனை பேர்?' என்று அவளைக் கேட்டேன். "தெரியலையேம்மா, நான் யாரையும் பார்த்ததே இல்ல" என்றாள். எட்டாண்டுப் பணி, மகளே! எனக்குக் குருதி கொதித்தது. மறுநாளே குடையும் கையுமாகப் புறப்பட்டேன். மருத்துவமனை, ஆய்வகம், நோயாளர் ஊர்தி அலுவலகம் என ஏறி இறங்கி, கணினியைக் கவனிப்பவர் எங்கே என்று கேட்டேன். கேட்ட இடமெல்லாம் விரல் நீண்ட திசை ஒன்றே: படிக்கு அடியில், அல்லது கழிப்பறைக்கு அடுத்து. அக்காவோடு சேர்த்து ஏழு பேர் தேறினர். எழுவரையும் சென்ற வியாழன் பிற்பகல் முதியோர் இல்லத்து உணவுக்கூடத்துக்கு வரவழைத்தேன். மேடை, பதாகை, ஒலிவாங்கி, ஐம்பது நாற்காலி. "ஏழு பேருக்கு ஐம்பது நாற்காலியா?" என்றார் அப்பா. எழுச்சிக்கு இடம் வேண்டாமா?

வந்தார்கள். ஒருவருக்கொருவர் ஆறு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். நான் பேசினேன். இருபது மணித்துளி முழங்கினேன். ஒரு தலையும் நிமிரவில்லை. "நீங்கள் தனியர் அல்லர்!" என்று கையை உயர்த்திய அந்த நொடியில் ஒலிவாங்கி 'கீச்' என்று அலறி உயிரை விட்டது. உடனே எழுந்தார்கள் பார், ஏழு பேரும் ஒன்றாக! என் பேச்சுக்கு எழாதவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுற்றி மொய்த்தார்கள். ஒருவர் ஒயரைத் தூக்க, ஒருத்தி கைப்பேசி விளக்கைக் காட்ட, ஊர்தி அலுவலகக்காரர், "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தாங்க, எது கெட்டாலும் என் தலையிலதான் விடியும். ஃபேன் சுத்தலைன்னாக்கூட என்னையக் கூப்பிடுறாங்க" என்றார். "ஃபேனோட போச்சா? என்னை எலி பிடிக்கக் கூப்பிட்டாங்க" என்றாள் ஆய்வகப் பெண். சிரிப்பு வெடித்தது. அதன்பின் பெட்டியை ஏறெடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. எட்டாண்டு அடக்கிய பேச்செல்லாம் மடை திறந்து கொட்டியது. நான் எஞ்சிய இரு கருத்துகளோடு மேடையில் நட்ட மரம் போல் நின்றேன். கடைசி வரிசையிலிருந்து அப்பா, "இறங்கு, இறங்கு. கூட்டம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக, பேச்சை முடிக்காமல் மேடையை விட்டு இறங்கினேன்.

இறங்கியதால்தான் காதில் விழுந்தது. உன்னை வாட்டும் அதே சிக்கலை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: மருத்துவமனை, இனிக் கொடுக்கவேண்டிய மருந்துகளை மட்டும் எழுதி அனுப்புகிறது, நிறுத்தியவற்றைச் சொல்வதில்லை, இல்லத்தார் பழையதையும் விடாமல் கொடுக்க, ஒரே மாத்திரை இரு பெயரில் இருமடங்கு உள்ளே போனதாம். உன் மருத்துவமனைக் கணினியிலிருந்து போன பட்டியலை நம்பிய இல்லத்தில் முதியவர் தலைசுற்றிச் சாய்ந்ததும் இதனால்தானே? அவர் இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீதான் இன்னும் எழவில்லை. உன் கதையைச் சொன்னேன். "ஐயோ, அந்தப் பொண்ணு தனியாவா உட்கார்ந்து அழுவுது? மூணு வருஷம் முன்னாடி நானும் இதே குழியிலதாம்மா விழுந்தேன். ராஜினாமா கூட எழுதிட்டேன், பிரிண்டர் வேலை செய்யல, அதான் இன்னும் இங்க இருக்கேன்" என்றாள். அவள் கண்ட வழி எளிது: கணினியே பழைய பட்டியலோடு ஒப்பிட, நிறுத்திய மருந்துகள் முதலில் சிவப்பில் வரும், பெறும் செவிலி ஒவ்வொன்றையும் பார்த்துக் குறியிட்டால்தான் புதுப் பட்டியல் திறக்கும். அதை உன் கணினியில் பொருத்தும் விதத்தை உனக்கே நேரில் சொல்கிறாளாம். எனக்குச் சொன்னால், நான் அதை மேடைப் பேச்சாக்கிவிடுவேனாம்.

மாதத்தின் முதல் வியாழன்தோறும் கூடுவதென்று முடிவாயிற்று. ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு தவற்றைக் கொண்டுவர வேண்டும். பெருமையைக் கொண்டுவருவோர் அன்றைய கோப்பைகளைக் கழுவ வேண்டும். மற்றொரு தீர்மானமும் நிறைவேறியது: "அம்மா பேசக் கூடாது, டீ மட்டும் போடலாம்." எட்டுக் கைகள் உயர்ந்தன. எட்டாவது கை எவருடையது என்று எண்ணுகிறாய்? உன் அப்பாவுடையது!

எட்டாவது நாற்காலியை உனக்கென வைத்திருக்கிறார்கள். தொலைவிலிருப்பவள் திரை வழியே வந்தால் போதும். உன் தவறு உன்னிடம் மட்டும் இருந்தால் அது வெறும் அழுகை. எட்டுப் பேரிடம் வந்தால் எட்டு இடத்து நோயாளர்களுக்குக் காவல். நேரத்துக்கு உண், முதுகுக்குத் தலையணை வை, நீடு வாழ்க, நிமிர்ந்து வாழ்க. தபாலில் விட்டால் திங்கள் கடந்துவிடும் என்பதால் இதை அப்பா படமெடுத்து அனுப்புவார். எழுத்தை மறைப்பது அவர் கட்டைவிரல், என் பிழையன்று. அக்காவின் எண்ணும் அதோடு வரும். இப்போது அவள் படிக்கடியில்தான் இருக்கிறாள், உன் அழைப்பை எதிர்பார்த்துத் தேநீரை ஆறவிட்டபடி.

இப்படிக்கு,
தீர்மானத்தால் வாய் கட்டப்பட்ட உன் அம்மா.

இதை மறுமுறை படிக்காதே. அந்த விலகல் கடிதத்தைக் கிழி. எண்ணை அழுத்து. இப்போதே!