ஒரே வரியை ரெண்டு தடவை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் போக்குக் காட்டிவிட்டு மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. துணியை உள்ளே எடுத்து, வெளியே போட்டு, மறுபடி உள்ளே.

என் இரண்டாவது ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியானது. அதைப் பற்றி நினைப்பதே இல்லை என்று முடிவு. (பொய். பல் தேய்ப்பதற்கு முன்பே கமெண்ட் பார்த்தாயிற்று.)

இதுவரை:
– "முதல் ஆல்பம் மாதிரி இல்ல." நிறைய பேர். எல்லாம் ஒரே ஆளோ?
– "குரல் சூப்பர். கிதார் அதவிட சூப்பர்." கிதார் வாசித்த குணாவின் மச்சான். செல்லாது.
– "ப்ளூஸ் இங்கிலீஷ்ல கேட்டாதான் ப்ளூஸ். தமிழ்ல கேட்டா ஒப்பாரி."
– "ஒரே வரிய ஏன் ரெண்டு தடவ பாடறாங்க? வார்த்தைக்குப் பஞ்சமா?"

கடைசி ஆளுக்குப் பதில் எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் துக்கப்பாட்டு ஐயா, ப்ளூஸ் அப்படித்தான். ஒரு வரி, திரும்ப அதே வரி, அப்புறம்தான் பதில் சொல்கிற வரி. உமக்கு யார் சொல்வது.

முதல் ஆல்பம் முழுக்க இங்கிலீஷ். அப்பா கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு. சாப்ட்டியா?" என்றார். ஒரு வார்த்தை பிடிபட்டிருக்காது. அது எவ்வளவு சௌகரியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது தமிழ். நாலாவது பாட்டு 'முதல் பஸ்'. அப்பா மலைக்கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிப்பவர், அதாவது ஓதுபவர். ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் முடிப்பார்கள், அந்தக் கோஷ்டி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றும் தன் முறை என்று கிளம்பிப் போனார்.

முறைன்னு சொல்லி அப்பா முதல் பஸ் ஏறினார்
முறைன்னு சொல்லி அப்பா முதல் பஸ் ஏறினார்
மலை இறங்கி வந்தப்போ அம்மா இல்லை.

இதை அவர் கேட்கக் கூடாது. கேட்டால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அப்புறம் நான் ஃப்ரிட்ஜோடுதான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீஸ். டாக்சி புக்கிங் இரண்டைத் தப்பாகப் போட்டேன். காளஹஸ்தி போக வேண்டியவரைக் காணிப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்த்தேன். மேனேஜர் பார்த்த பார்வை!

நகரியிலிருந்து குணா போன்.

"அக்கா, நாலாவது பாட்டுதான் ஓடிக்கினு கீது. எங்க தெருவுல சோறு துன்னும்போது கூட போட்டுக்கினு கீறானுங்க. நீ ஏன் உம்முனு கீற?"

"அதை மட்டும் எடுத்துடலாமா?"

"இன்னாக்கா, பைத்தியமா? அது ஒண்ணுதான் ஓடுது."

மத்தியானம் ஒரு தெலுங்கு கமெண்ட்: "அர்த்தம் காலேது. கானி ஏடுப்பு வச்சிந்தி." புரியவில்லையாம், ஆனால் அழுகை வந்ததாம். டிபன் பாக்ஸ் காலியாகும் வரை சந்தோஷம். பிறகு, புரிந்தால் அப்பாவுக்கு என்ன வரும் என்று நினைத்தேன்.

வாங்க: காபிப்பொடி, அப்பா மூட்டுவலித் தைலம், கிதார் தந்தி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீவு போட்டுச் சித்தூர். குணாவின் நண்பர் கடை மாடியில் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டுப் பேசுவதாக ஏற்பாடு. நாற்காலி அதிகம், ஆள் கம்மி.

ஒரு லெக்சரர்: "முதல் ஆல்பத்துல ஒரு பாடகி இருந்தாங்க. இதுல ஒரு பொண்ணு இருக்கா." புகழ்ச்சியா, திட்டா? பஸ் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

மழைக்கு ஒதுங்கி மேலே வந்த ஒருவர், கையில் டிபன் கேரியர், கடைசி வரிசை. அவர்தான் கேட்டார்.

"யம்மா, இது உங்க நைனாவத் திட்டற பாட்டா?"

எல்லோரும் திரும்பினார்கள். கற்பனை என்றேன். குணா தன் கிதாரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கற்பனைக்கு இம்மாங் கோவம் வராதும்மா. எங்க நைனாவும் இப்டிதான். அவரு உசுரோட கீற வரைக்கும் கேக்க எனக்கு வாய் வரல."

மழை விட்டதும் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தால், குடும்ப வாட்ஸப் குரூப்பில் அத்தை பிள்ளை: "நம்ம வசு பாடினது! எல்லாரும் கேளுங்கோ!" கூடவே பூ, கும்பிடு, மறுபடி பூ. எந்தப் பாட்டு? வேறெது. குரூப்பில் அப்பாவும் உண்டு. பாவி!

ஆகஸ்ட் 6, புதன்

குரூப்பில் அத்தை: "யாரைச் சொல்றே வசு?"
பெரியப்பா குரூப்பை விட்டு வெளியேறினார்.
அப்பா: ஒன்றும் எழுதவில்லை.

ராத்திரி ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பா பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். உப்புக்குக் கூட ஒரு வார்த்தை இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டார்.

குணா: "சொல்லு, தூக்கிடறேன்." சொல்ல வாய் வரவில்லை. பாட்டில் பொய்யாக ஒரு வரி இருந்தால் தூக்கிவிடலாம். இல்லை. அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் இருக்கிறது. அவர் பேசாமல் போய்விடுவார் என்ற பயமும் அதே அளவு. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கே போவது?

கமெண்ட் பார்க்கவில்லை. (இது நிஜம்.)

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒருவழியாக நல்ல மழை. ஆபீஸ் போகவில்லை. மத்தியானம் அப்பா மலையிலிருந்து நனைந்து வந்தார். துண்டு கொடுத்தேன். காபி கொடுத்தேன்.

"வசு, அந்தப் பாட்டு."

நின்றேன்.

"நேத்திக்குப் பாதியில நிறுத்திட்டேன். இன்னிக்கு முதல் பஸ்ஸுல போறச்சே முழுசும் கேட்டேன். எழுதினது சரிதான். நான் போயிருக்கப்படாது."

என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஆனா ஒண்ணு. முதல் அடிய ரெண்டு தரம் சொல்றே. நாங்களும் ஆரம்பிக்கறச்சே அப்படித்தான் சேவிப்போம். கடைசி அடிய ஏன் ஒரு தரம் சொல்லிட்டு விட்டுட்டே? முடிக்கறச்சேயும் ரெண்டு தரம் சொல்லணும்."

"ப்ளூஸ்ல அது ஒரு தரம்தான்ப்பா."

"இருக்கட்டும். நம்மாத்துல ரெண்டு தரம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோஷ்டியில் நிற்பது போல் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிச் சொன்னார். மலை இறங்கி வந்தப்போ அம்மா இல்லை. குரல் பிசகவில்லை.

இரண்டாம் தரம். மலை இறங்கி வந்தப்போ அம்மா. அங்கே நின்றுவிட்டார். காத்திருந்தேன். வரவில்லை.

நான் முடித்தேன்.