ஏரிக்கு நீங்கள் வர வேண்டாம்

என்னங்க,

உங்கள் அலாரத்தை அணைத்தது நான்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது நாங்கள் தேசியப் பூங்கா வாசலைத் தாண்டியிருப்போம். வருடம் முழுக்க நீங்கள் போட்ட பயணத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்கள் பெயரை மட்டும் அடித்துவிட்டேன்.

எரிமலை எப்படி வெடித்தது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் எப்படி நின்றது, ஏரி ஏன் பச்சையாக இருக்கிறது என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அங்கேயும் நீங்கள் வாயைத் திறந்தால் ஏரியை யார் பார்ப்பது?

உங்கள் இடத்தில் என் தம்பி வருகிறான். உங்கள் பூட்ஸ் அவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது, தேடாதீர்கள்.

ரொட்டியும் முட்டையும் இருக்கின்றன.

குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அவர் தலையை விட்டதும் எரிமலையை ஆரம்பியுங்கள். பாவம், அவரால் ஓட முடியாது.

தாளைத் திருப்பி ஓரத்தில் பாருங்கள்: மனசு கேட்காமல் உங்களை எழுப்பத்தான் வந்தேன். உங்கள் செல்ல மகள் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா வந்தா நான் வரலைம்மா” என்றாள். உங்கள் படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தியதும் அவள்தான்.