கூப்பிட வேண்டிய நம்பர்

ஜெஸ்ஸி அம்மாவுக்கு,

மலையில இருந்து கடல் வரைக்கும் போற குதிரைச் சவாரிக்கு நீ கிளம்பி நாலு நாளாச்சு. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிற, அதான் கடற்கரையில நீ தங்கப்போற விடுதிக்கு எழுதுறேன். மலையிறக்கத்துல குதிரைக்குக் கால் வழுக்காதா? அலையைப் பார்த்து மிரளாதா? ஹெல்மெட் வாரை இறுக்கிப் போட்டுக்க.

சவாரிக்காரங்களுக்கு நீ எழுதிக் கொடுத்த ஃபாரத்தோட நகல் மேசையில கிடந்துச்சு. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்னு கேட்ட இடத்துல, கனடாவுல இருக்கிற நம்ம பொண்ணு ஜெஸ்ஸி நம்பரை எழுதியிருக்க. நான் இங்கன திண்டுக்கல்லுலதான இருக்கேன்?

போன வருசம் வத்தலக்குண்டு ரோட்டுல நீ ஸ்கூட்டரோட விழுந்து கிடந்தப்ப என்னை எட்டுத் தடவை கூப்பிட்ட. சிக்னல் இல்லைன்னு சொன்னேன்ல, பொய். காலையில போட்ட சண்டைக் கோவத்துல வேணும்னேதான் எடுக்கலை.

இப்பக் குளிக்கப் போனாலும் போனைக் கையோட கொண்டுபோறேன். குதிரை பேரு என்னன்னு சொல்லவாவது ஒரு தடவை கூப்பிடு.

உன் வீட்டுக்காரன்